வைக்கோல் கட்டோடு போகும் மண்ணின் சத்து

காவிரி டெல்டாவில் மண் பரிசோதனை முடிவை வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, "யூரியா எத்தனை மூட்டை போடணும் சார்?" என்றுதான். நான் பார்க்கச் சொல்வது வேறு வரியை: அங்ககக் கரிமம், அதாவது எருவும் இலைதழையும் மட்கி மண்ணில் சேரும் கரிமம். அது 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-ஐத் தாண்டினால் நல்ல நிலை. குறுவை, அதையடுத்துத் தாளடி என்று இரண்டு போகமும் விடாமல் நெல் போடும் வயல்களில் இருந்து என் கைக்கு வருபவை பெரும்பாலும் குறைவுதான்.

முன்பு வீட்டுக்கு வீடு மாடு இருந்தது. வைக்கோல் எருவாகி வயலுக்கே திரும்பியது. இப்போது அறுவடை இயந்திரம் கரையேறிய கையோடு வைக்கோல் கட்டும் இயந்திரம் இறங்குகிறது, கட்டுகள் லாரியேறிப் போய்விடுகின்றன. நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில், அதாவது பொட்டாஷில், பெரும்பகுதி இருப்பது நெல்மணியில் அல்ல, வைக்கோலில். அதை விற்றுவிட்டு அடுத்த போகத்துக்குப் பொட்டாஷ் வாங்குகிறோம்.

விற்கவே கூடாது என்று சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பணம்தான் பலருக்கு நடவுக்கூலி. ஆனால் விற்றவர்கள் கோடையில், மடக்கி உழுது உரமாக்கும் பசுந்தாள் செடியான தக்கைப்பூண்டாவது விதைத்தே ஆக வேண்டும். ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் என்ற கணக்கில், ஏப்ரல் கடைசியில் கிடைக்கும் ஈரத்தில் விதைத்தால் 40, 45 நாளில் பூக்கத் தொடங்கும். அப்போதே மடக்கி உழ வேண்டும். தண்டு மளுக்கென்று ஒடிந்தால் சரியான பருவம். நாராக இழுத்தால் முற்றிவிட்டது, மட்க நாளாகும்.

ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேரைப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தரும் பாக்டீரியா வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். வெளிறிக் கிடந்தால் அடுத்த முறை அந்த பாக்டீரியா உள்ள ரைசோபியம் உயிர் உரத்தை விதையோடு கலந்து விதையுங்கள்.

அப்புறம், வைக்கோலை வயலிலேயே விட்டால் பயிர் வெளுக்கும் என்ற பேச்சு. உழுத சூட்டோடு நட்டால் வெளுக்கத்தான் செய்யும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை முதலில் தமக்கு எடுத்துக்கொள்கின்றன. நடவுக்கு மூன்று வாரம் முன்பே உழுதுவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. குறுவைக்கும் தாளடிக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி கிடைப்பது கடினம். ஆகவே குறுவை வைக்கோலை விற்றாலும் தாளடி வைக்கோலை வயலுக்கு விடுங்கள்.

கரிமம் ஒரே போகத்தில் ஏறிவிடாது. ஒவ்வொரு முறையும் அதே பருவத்தில், வரப்போரமும் மரநிழலும் எருக்குவியல் கிடந்த இடமும் விட்டு, பத்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு மண்ணெடுத்து வாருங்கள். அப்போதுதான் பழைய முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல முடியும்.