தண்ணீர் குடிக்கச் சொல்லி விரட்டாதீர்கள்

அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ஆபத்தில் மாட்டியவர்களில் இந்த சீசனில் இது மூன்றாவது கேஸ், அதனால் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா ட்ராக்கில் சைக்கிள் குழுக்களுக்குத் துணையாகப் போகும் வண்டியில் நான் நர்ஸ். மரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் மண்சாலை. நடுவில் ஊர் என்று சொல்ல வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, அவ்வளவுதான்.

வில்லியம் கிரீக்குக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு பெண்மணி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஐம்பது தாண்டியவர், சின்ன உடம்பு, தினமும் கடைசியாக வருபவர். தலைவலி, ஒரு வாந்தி. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். பின்வண்டியில் இருந்த நான் வந்து சேர்வதற்குள், முன்வண்டி ஓட்டுநர் பாசத்தோடு ஒன்றரை லிட்டர் தண்ணீர் புகட்டி முடித்திருந்தார். ரேடியோவில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!

காலையில் அவர் விரலில் தளர்வாகச் சுழன்ற மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. (மோதிரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், வெயிலில் யாருக்கும் கை லேசாக வீங்கும்.) தராசில் ஏற்றினேன். காலையில் இருந்ததைவிட 1.2 கிலோ கூடுதல். நாள் முழுக்க சைக்கிள் மிதித்தவருக்கு எடை கூடியிருக்கிறது என்றால், அது தண்ணீர் இல்லாமல் வேறு என்ன?

பாலைவனம் என்றதும், வெயிலில் உடம்பு வறண்டுவிடும் என்று எல்லோருக்கும் ஒரே பயம். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரியில் 50.7 டிகிரி பதிவானது உண்மைதான். ஆனால் ஜனவரியில் யாரும் இங்கே டூர் நடத்துவதில்லை. நாம் வருவது ஜூலையில். பகலில் 20 டிகிரி, ராத்திரி ஸ்லீப்பிங் பேகுக்குள்ளும் நடுக்கம். இந்தக் குளிரில் மெதுவாக ஓட்டுகிற ஒருவரிடம், கொளுத்தும் கோடைக்குச் சொல்கிற "மணிக்கு ஒரு லிட்டர், தாகம் எடுக்கும்முன் குடி" பாடத்தை ஒப்பித்தால், வியர்ப்பதைப்போல இரண்டு மடங்கு உள்ளே போகிறது. மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும் என்பார்கள். மணிக்கணக்கில் உழைக்கும் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் பார்க்கும். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது, லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனால் குறைவு. மூளை வீங்கி, குழப்பம் வலிப்பில் முடியலாம், உயிரும் போகலாம். இது ஏதோ அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்திருந்தது.

"நான் வெறும் தண்ணீரா குடிக்கிறேன், ஸ்போர்ட்ஸ் டிரிங்க் ஆயிற்றே" என்று ஒருவராவது கேட்பார். அதில் இருக்கும் சோடியம் உங்கள் ரத்தத்தில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குதான் வரும். அளவு மீறினால் அதுவும் நீர்க்கத்தான் செய்யும். அப்புறம், குலுங்கும் சாலையில் முட்டி வலிக்கிறது என்று ஐபுப்ரோஃபென் மாத்திரையைக் கடலை மாதிரி போட்டுக்கொள்ளாதீர்கள். அதுவும் சேர்ந்து சிறுநீரகத்தின் கையைக் கட்டிப்போடும்.

இதைப் படித்துவிட்டு பாட்டிலை மூடி வைப்பவர்களும் இருப்பார்கள், தயவுசெய்து வேண்டாம். வறண்ட காற்றில் வியர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துவிடும், சட்டையில் உப்புப் பூத்த பிறகுதான் தெரியும். வெயில் ஏறிய நாளில் தாகமும் ஏறும், அப்போது தாராளமாகக் குடியுங்கள். வண்டியில் தண்ணீர் எப்போதும் உபரியாக இருக்கட்டும். குடிக்கச் சொல்லி விரட்டாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஒருவருக்குத் தலைவலி, வாந்தி என்றாலோ, உளற ஆரம்பித்தாலோ முதலில் எடை பாருங்கள். கூடியிருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் உப்பு மிகுந்த சூப் கட்டியை (சூப் க்யூப்) கொஞ்சமே கொஞ்சம் நீரில் கெட்டியாகக் கரைத்துக் கொடுக்கலாம். குழப்பமோ வலிப்போ இருந்தால் வாயில் எதுவும் வேண்டாம், சாட்டிலைட் போனில், விமானத்தில் வரும் மருத்துவ சேவையான ராயல் ஃபிளையிங் டாக்டர் சர்வீஸைக் கூப்பிடுங்கள். மொபைலைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் பிரயோஜனமில்லை. எடை கூடியிருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். உடம்பில் நீர் வறட்சி என்று நினைத்து சாதாரண டிரிப் ஏற்றினால் இன்னும் மோசமாகும், இவர்களுக்கு வேண்டியது செறிவான உப்புக் கரைசல்.

அந்தப் பெண்மணியை வில்லியம் கிரீக் ஓடுதளத்திலிருந்து விமானத்தில் ஏற்றினோம். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 121. பிழைத்துக்கொண்டார், அடுத்த வருடம் மிச்சத்தை ஓட்ட வருவாராம்.

டூர் நடத்துபவர்களே, ஒரு குளியலறைத் தராசு வாங்கி வண்டியில் போடுங்கள். ஆடாமல் நிற்க அடியில் ஒரு பிளைவுட் பலகை. காலையிலும் மாலையிலும் ஒவ்வொருவராக ஏறச் சொல்லி நோட்டில் எழுதுங்கள். என்னுடைய தராசில் செம்மண் புகுந்து எல்லோருக்கும் அரை கிலோ கூட்டித்தான் காட்டுகிறது. அதனால் பாதகமில்லை, நமக்கு வேண்டியது காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம்தான்.