கிரிட்: கிராதிக்குத் தம்பி

மின்சாரம் பற்றிப் பேசும் எவரும் தாண்டிப் போக முடியாத சொல் கிரிட். மின்நிலையங்களையும் துணைமின்நிலையங்களையும் ஒன்றோடொன்று பிணைக்கும் உயரழுத்தக் கம்பிகளின் மொத்த அமைப்பு என்று அதற்குப் பொருள். கம்பிகள் ஒரு நாட்டுக்குள் ஓடும்வரை இந்தப் பொருளில் சிக்கல் இல்லை. எல்லையைத் தாண்டும்போதுதான் நம் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஒரு நாட்டின் உபரி மின்சாரம் பக்கத்து நாட்டுக்குப் போகிறது என்று ஒரு செய்தி வந்தால் மின்தொகுப்பு, மின்கட்டமைப்பு, மின்வலை, மின் இணைப்பு என நான்கும் ஒரே பத்தியில் வரும். எது எதைக் குறிக்கிறது என்பது எழுதியவருக்கே வெளிச்சம்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு. கிரிடயர்ன் என்பதன் வெட்டிய வடிவம் கிரிட். கிரிடயர்ன் என்றால் நெருப்பின்மேல் வைத்து இறைச்சி வாட்டும் கம்பிச் சட்டம். அதன் வேர் லத்தீனில் ‘கிராத்திஸ்’: மிலாறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தட்டி. அதன் சிறுமை வடிவம் ‘கிராத்திக்குலா’. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்லின் கடைசி அசை ‘அயர்ன்’ என்று, அதாவது இரும்பு என்று, மக்கள் காதில் விழுந்தது. பொருளும் இரும்பால் ஆனதாயிற்றே, அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறப்பில் அந்தச் சொல்லுக்கும் இரும்புக்கும் உறவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் வாலை நறுக்கி கிரிட் ஆக்கினார்கள். ஜன்னலுக்கு அடிக்கும் கிரில்லும் இதே வேரில் கிளைத்ததுதான்.

இந்தக் குடும்பத்தில் ஒருவர் தமிழுக்குள் எப்போதோ வந்து குடியேறிவிட்டார்: கிராதி. கம்பியோ மரச்சட்டமோ குறுக்கிட்டு அமைந்த அழி, தடுப்பு, கைப்பிடிச் சுவர் எல்லாம் கிராதிதான். போர்த்துகீசிய மொழியிலிருந்து நாம் வாங்கிய சொல் அது. அந்த மொழிக்கோ அது லத்தீன் கிராத்திஸ் கொடுத்த சீர். ஆக, கிராதி அண்ணன், கிரிட் தம்பி. அப்படியானால் ‘மின்கிராதி’ என்றே சொல்லிவிடலாமா? பொருள் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் கேட்பவருக்கு முதலில் கிராதகன் நினைவுக்கு வருவான். விட்டுவிடுவோம்.

மின்சாரத்துக்கு இந்தப் பெயரை நிலைநிறுத்தியது பிரிட்டன். அங்கே ஊருக்கு ஊர் வெவ்வேறு அழுத்தத்தில், வெவ்வேறு அலைவெண்ணில் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்) மின்நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1926-இல் வந்த சட்டம் மத்திய மின்சார வாரியம் ஒன்றை அமைத்தது. அந்த வாரியம் 132 கிலோவோல்ட் கம்பிகளால் நிலையங்களைப் பிணைத்தது. அதுவும் நாடு முழுக்க ஒன்றாக அல்ல, ஏழு வட்டாரங்களாக. வட்டாரங்களுக்கு நடுவே கம்பி இருந்தும் அன்றாடம் அவற்றைச் சேர்த்து ஓட்டவில்லை. 1937 அக்டோபர் 29 இரவு பொறியாளர்கள் ஏழையும் இணைத்துப் பார்த்தார்கள். எதுவும் சரிந்து விழவில்லை. அடுத்த ஆண்டு முதல் நாடு முழுவதும் ஒரே அமைப்பாக ஓடியது.

கிராதியின் உயிர் குறுக்குக் கம்பியில் இருக்கிறது. ஒரு கம்பி அறுந்தால் சுமையை வாங்கிக்கொள்ள இன்னொன்று வேண்டும். அணையிலிருந்து நகரத்துக்கு ஒற்றைத் தடமாக ஓடும் கம்பி எவ்வளவு நீளமானாலும் தன்னளவில் கிரிட் ஆகாது. ஏழை நாடுகள் பலவற்றின் மின்சாரப் பிரச்சினை இந்த ஒரு வரிக்குள் அடங்கும். அங்கே நீண்ட தடங்கள் உண்டு, குறுக்குக் கம்பிகள் குறைவு.

இனி தமிழ்ச் சொற்கள். தமிழ்நாட்டு நாளிதழ்கள் கிரிட்டை மின்தொகுப்பு என்கின்றன. ‘தொகு’ என்ற வினையின் பொருள் சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்ப்பது. எட்டுத்தொகையில் இருக்கும் தொகையும் அதுவே: பலர் பாடிய பாட்டுகள் சேர்ந்து நிற்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் தனிப்பாட்டாகவே இருக்கிறது. ‘மத்தியத் தொகுப்பிலிருந்து அரிசி’, ‘மத்தியத் தொகுப்பிலிருந்து மின்சாரம்’ என்று எழுதும்போது தொகுப்பு என்பது பொதுவில் சேர்த்து வைத்துப் பங்கிடும் இருப்பு. ‘மின்தொகுப்பில் கோளாறு’ என்று எழுதும்போது அதே சொல் கம்பியையும் மின்மாற்றியையும் குறிக்கிறது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் தேசிய மின்கட்டமைப்பு என்று வருகிறது; அதில் இந்த மயக்கம் இல்லை.

என் கட்சி இதுதான்: கம்பி, கோபுரம், துணைமின்நிலையம் அடங்கிய பருப்பொருள் அமைப்பை மின்கட்டமைப்பு என்போம். நாடுகள் சேர்ந்து மின்சாரத்தைப் பொதுவில் வைத்துப் பங்கிடும் ஏற்பாட்டுக்கு மின்தொகுப்பு என்ற சொல்லை ஒதுக்குவோம். மின்வலை அழகான சொல்தான், சுருக்கமும்கூட. ஆனால் வலையை இணையம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இந்தப் பிரிவினை எதற்கு என்று கேட்பவர்கள் நேபாளத்திலிருந்து வங்கதேசத்துக்குப் போகும் 40 மெகாவாட்டைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். இரு நாடுகளுக்கும் பொது எல்லை கிடையாது, நடுவில் இந்தியா. 2024 அக்டோபரில் மூன்று நாட்டு நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்டன. நவம்பர் 15 அன்று ஒரே ஒரு நாள் மின்சாரம் போனது. 2025 ஜூன் முதல் மழைக்கால ஏற்றுமதி முறையாகத் தொடங்கியது. விலை யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட். அளக்கும் மீட்டர் பீகாரின் முசாஃபர்பூரில் இருக்கிறது. நேபாளத்தின் தல்கேபாரிலிருந்து முசாஃபர்பூர் வரும் 400 கிலோவோல்ட் தடத்தில் நேபாளமும் இந்தியாவும் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. நேபாளத்தின் ஜெனரேட்டரும் இந்தியாவின் ஜெனரேட்டரும் ஒரே அலைவெண்ணில் பூட்டப்பட்டவை. அதாவது அந்த எல்லையில் நாடுகள் இரண்டு, மின்கட்டமைப்பு ஒன்று.

இந்தியாவின் பஹரம்பூரிலிருந்து வங்கதேசத்தின் பேராமாரா போகும் கம்பியில் கதை வேறு. 2013 அக்டோபரில் 500 மெகாவாட்டுடன் திறந்த தடம் அது. பிறகு திறன் இரட்டிப்பானது. இரு பக்கமும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆனாலும் நேராகக் கோக்கவில்லை. பேராமாரா நிலையத்தில் இந்தியாவின் ஏசி மின்சாரம், அதாவது திசை மாறி மாறிப் பாய்வது, ஒரே திசையில் பாயும் டிசியாக மாறி, அங்கேயே மறுபடி ஏசியாகி வங்கதேசத்துக்குள் நுழைகிறது. டிசியாக அது கடக்கும் தூரம் ஒரு வளாகத்துக்குள் முடிந்துவிடும். பலன் என்னவென்றால், ஒரு பக்கம் அலைவெண் ஆடினால் மறுபக்கம் ஆடாது. எத்தனை மெகாவாட் போக வேண்டும் என்பதையும் குழாயைத் திருகுவதுபோல் வைத்துக்கொள்ளலாம். இங்கே மின்சாரம் பொதுவாகிறது, கட்டமைப்புகள் தனித்தனியாகவே நிற்கின்றன. இந்த ஏற்பாட்டை ‘இரு நாட்டு மின்தொகுப்புகள் ஒன்றாகின’ என்று எழுதினால் பாதிதான் உண்மை.

இதனால் மின்சாரம் எப்படி மலிவாகிறது? ஒரு நாட்டின் மொத்தத் தேவையே 100 மெகாவாட் என்று வையுங்கள். அந்த நாடு 100 மெகாவாட் எந்திரம் ஒன்றை வாங்கி வைக்க முடியாது. அது ஒருநாள் நின்றால் நாடே இருளும். ஆகவே பத்துப் பத்து மெகாவாட்டாகச் சிறு டீசல் எந்திரங்களை வைக்கும், ஒன்றிரண்டைக் கையிருப்பாகவும் நிறுத்தும். சிறு எந்திரத்தில் யூனிட் விலை கூடுதல், எரிபொருளோ இறக்குமதி. பக்கத்து நாட்டுடன் கம்பி இருந்தால் கையிருப்பைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். பெரிய அணையிலிருந்து பங்கு வாங்கலாம். ஐவரி கோஸ்ட், லைபீரியா, சியரா லியோன், கினி என்ற நான்கையும் கோக்கும் 225 கிலோவோல்ட் தடம் இந்தக் கணக்கில் போட்டது. நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். இன்னும் பழைய முன்மாதிரி மாலியில் உள்ள மனந்தாலி அணை. அதன் 200 மெகாவாட்டில் மாலிக்கு 52 சதவீதம், செனகலுக்கு 33, மொரிட்டேனியாவுக்கு 15 என்று பங்கு பிரித்தே வைத்திருக்கிறார்கள். தொகுப்பு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

ஆப்பிரிக்க நாடுகளின் தொகுப்புகளில் சந்தையாகவே முதிர்ந்தது அந்தக் கண்டத்தின் தெற்கில் உள்ளது. 1995 ஆகஸ்டில் ஒப்பந்தம், ஒருங்கிணைப்பு மையம் ஜிம்பாப்வேயின் ஹராரேயில். இதைத் தமிழில் எழுதுபவர்கள் பலரும் ‘தென்னாப்பிரிக்க மின்தொகுப்பு’ என்று எழுதிவிடுவார்கள். தென்னாப்பிரிக்கா ஒரு நாடு. இந்தத் தொகுப்பிலோ 12 நாடுகள். ‘தெற்கு ஆப்பிரிக்க மின்தொகுப்பு’ என்று எழுதினால் வம்பில்லை. வடக்கே ஜாம்பியா, காங்கோ போன்ற நாடுகளிடம் நீர்மின்சாரம், தெற்கே நிலக்கரி. மழை நன்றாகப் பெய்தால் மின்சாரம் ஒரு திசையில் போகும், பொய்த்தால் எதிர்த்திசையில் வரும் என்பதுதான் கணக்கு. 2009 முதல் அடுத்த நாளுக்கான மின்சாரத்தை மணிக்கணக்கில் ஏலம் கேட்கும் சந்தையும் நடக்கிறது.

கணக்கு எப்போதும் பலிக்காது. ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் பங்கிடும் கரீபா அணையும் மொசாம்பிக்கின் கஹோரா பாஸா அணையும் ஒரே ஜாம்பேசி ஆற்றில் இருப்பவை. 2024 வறட்சியில் கரீபா வற்றியபோது ஜாம்பியா நாளின் பெரும்பகுதி மின்வெட்டில் தவித்தது. ஒரே ஆற்றை நம்பிய பங்காளிகள் ஒருவருக்கொருவர் பெரிதாகக் கைகொடுக்க முடியாது. பணமும் அப்படியே. 2019-இல் ஜிம்பாப்வே வெளிநாட்டு மின் நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஏறிக் கிடந்ததால் இறக்குமதி சுருங்கி, வீடுகளில் மணிக்கணக்காக விளக்கு அணைந்தது. கம்பி இருந்தது, மின்சாரமும் இருந்தது, டாலர் இல்லை.

சொல்லில் இன்னொரு கண்ணி. உயரழுத்தக் கம்பியில் மின்சாரத்தைத் தொலைவுக்குக் கொண்டுபோவதை ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்மிஷன்’ என்பார்கள்; அதைச் சிலர் மின்கடத்தல் என்கிறார்கள். இயற்பியல் வகுப்பில் செல்லும். ‘எல்லை தாண்டிய மின்கடத்தல்’ என்று தலைப்புப் போட்டுப் பாருங்கள், சுங்கத் துறை வந்து நிற்கும். தமிழ்நாட்டில் இதற்கென்றே இருக்கும் அரசு நிறுவனத்தின் பெயர் மின் தொடரமைப்புக் கழகம். தொடரமைப்பு நல்ல சொல், பரவலாகட்டும். நடுவில் உள்ள நாடு தன் கம்பியில் அடுத்தவர் மின்சாரத்தைக் கொண்டுபோக வாங்கும் ‘வீலிங்’ கட்டணத்துக்கு, சக்கரத்தை இழுக்காமல், கம்பி வாடகை என்றே சொல்லலாம். மின்வாரிய ஆட்களுக்கு இது கொச்சையாகப் படலாம். படிப்பவருக்கு உடனே புரியும்.

கடைசியாக ‘ஆஃப் கிரிட்’. தனித்தியங்கும் சூரியத் தகடு வைத்த வீட்டை நினைத்துக்கொண்டு ‘மின்தொகுப்புக்கு அப்பாற்பட்ட’ என்று மொழிபெயர்ப்பதைப் பார்க்கிறேன், ஏதோ ஆன்மிகம்போல. ‘மின்கட்டமைப்பில் சேராத’ என்றால் போதும். சேராதவர்கள் எல்லாரும் கம்பியை விட்டுத் தொலைவில் இருப்பவர்கள் என்று எண்ண வேண்டாம். காங்கோவில் இங்கா அணையிலிருந்து கோல்வேசி வரை 1,700 கிலோமீட்டர் டிசி தடம் ஒன்று 1982 முதல் ஓடுகிறது. செப்புச் சுரங்கங்களுக்காகப் போட்டது. வழியில் உள்ள ஊர்களின் தலைக்குமேல் 500 கிலோவோல்ட் போகிறது, கீழே விளக்கு இல்லை. அழுத்தம் அவ்வளவு உயரமாக இருக்கும் டிசி கம்பியில் நடுவழியில் கிளை பிரிப்பதற்கு டிசியை ஏசியாக மாற்றும் முழு நிலையம் ஒன்று வேண்டும். சில நூறு வீடுகளுக்காக யாரும் அதைக் கட்ட மாட்டார்கள்.

ஏசி தடங்களில் ஒரு தந்திரம் உண்டு. கோபுரத்தின் உச்சியில், மின்சாரம் போகும் கம்பிகளுக்கு மேலே, இடியை வாங்கிக்கொள்ள மெல்லிய எர்த் கம்பி ஒன்றோ இரண்டோ ஓடும். வழக்கமாக அது கோபுரத்தோடு நேராகப் பிணைந்திருக்கும். அதைக் கோபுரத்துக்குள் மின்சாரம் பாயாமல் தடுக்கும் பீங்கான் அல்லது கண்ணாடிக் காப்பான்களில் தொங்கவிட்டு, துணைமின்நிலையத்திலிருந்து 34.5 கிலோவோல்ட் போல நடுத்தர அழுத்தத்தைக் கொடுத்தால், இடிதாங்கும் வேலையையும் அது விடாது, வழியோர ஊர்களுக்கும் மின்சாரம் தரும். ஊருக்குப் பக்கத்தில் சாதாரண மின்மாற்றி ஒன்று வைத்தால் போதும். இத்தாலியப் பேராசிரியர் பிரான்செஸ்கோ இலிசெட்டோ வகுத்த முறை இது. கானாவில் வடக்கே போகும் 161 கிலோவோல்ட் தடங்களிலும் லாவோஸிலும் இதைச் செய்திருக்கிறார்கள். தடம் போடும்போதே சேர்த்துச் செய்தால் செலவு கொஞ்சம்தான் கூடும். கோபுரங்களை நட்டு முடித்த பிறகு யோசித்தால் கம்பியை இறக்கி மாட்ட வேண்டிவரும்.