வடியூசி: சுத்திகரிப்பதில்லை, வடிக்கிறது

மருத்துவப் பயிற்சிக் கையேடுகளின் தமிழாக்கங்களில் ‘சுத்திகரிப்பு ஊசி’ என்று ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. ஃபில்டர் நீடிலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது.

ஆம்பியூல் என்கிற, மருந்தை அடைத்து மூடிய சின்னக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் மருந்தில் விழும். அவை சிரிஞ்சுக்குள் போகாமல் இருக்க, பெரும்பாலும் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள வடிகட்டி பொருத்திய ஊசியால் மருந்தை உறிஞ்சுவார்கள். அப்புறம் அதைக் கழற்றிவிட்டு, வேறு ஊசி மாட்டித்தான் நோயாளிக்குப் போட வேண்டும். அதே ஊசியால் போட்டால், பிடித்துவைத்த சில்லு மருந்தோடு திரும்ப உள்ளே தள்ளப்படலாம்.

ஃபில்டர் என்ற சொல்லுக்கு மூலம், அமுக்கிச் செய்த கம்பளித் துணியைக் குறித்த இடைக்கால லத்தீன் சொல். அந்தத் துணியில் நீர்மங்களை வடித்தார்கள், அவ்வளவுதான்.

‘சுத்திகரிப்பு’ வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. தண்ணீர் சுத்திகரிப்பு என்று நானும்தான் சொல்கிறேன். இங்கே அது பொய் சொல்கிறது என்பதே என் வழக்கு. பாக்டீரியாக்கள் பல ஒன்றிரண்டு மைக்ரான் அளவுதான். 5 மைக்ரான் துளை வழியே தாராளமாகப் போய்விடும். அவற்றைத் தடுக்க 0.2 மைக்ரான் வடிகட்டி வேண்டும், அது வேறு சாமான். சுத்திகரிப்பு என்று படித்த புதுச் செவிலியர் மருந்தில் கிருமியே இல்லை என்று நம்பிவிட்டால் யார் பொறுப்பு? போதாததற்கு, தமிழில் ஊசி என்றால் கருவியும்தான், உடம்பில் ஏற்றும் மருந்தும்தான். ‘சுத்திகரிப்பு ஊசி’ என்றால் ரத்தத்தைச் சுத்தம் செய்யப் போடும் மருந்து என்றுதான் காதில் விழுகிறது.

‘அரிப்பூசி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வடிகட்டுதல் என்ற பொருளில் அரித்தல் நல்ல பழஞ்சொல். நன்னூல் கடைமாணாக்கருக்கு உவமை சொல்லும் நெய்யரி, நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடைதான், அதாவது பனை, தென்னை மட்டையின் அடியில் இருக்கும் வலை போன்ற நார். இந்த ஊசி செய்வதும் அதே வேலை. ஆனால் இன்றைக்கு அரிப்பூசி என்றால் ‘எங்கே அரிக்கிறது?’ என்று கேட்பார்கள்.

‘வடியூசி’ போதும். வடித்த, வடிக்கிற, வடிக்கும் ஊசி என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. சோறு வடித்தால் நீரைக் கொட்டிவிட்டுச் சோற்றை வைத்துக்கொள்கிறோமே, இங்கே தலைகீழல்லவா என்று சிலர் மறுப்பார்கள். சரி, டீயை வடிகட்டும்போது எதை வைத்துக்கொள்கிறோம்? வடித்தல் இரண்டுக்கும் இடம் கொடுக்கும் சொல்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பிரிக்கும் முன் அந்த ஊசியை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்திருக்கலாம். வடியூசி என்று எழுதி, பக்கத்திலேயே ‘மருந்தை உறிஞ்ச மட்டும், உடம்பில் குத்தக் கூடாது’ என்றும் அச்சிட்டுவிட்டால், ஊசி என்ற சொல்லின் இரட்டைப் பொருளால் வரும் குழப்பமும் தீரும்.