மின்ட்டில் புதினா விளையாது

வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த எனக்கு எட்டு வயது வரை 'மின்ட்' என்பது பஸ் நின்று திரும்பும் இடம், அவ்வளவுதான். ஆங்கிலப் பாடத்தில் மின்ட் என்றால் புதினா என்று படித்த அன்று, மின்ட் இருக்கும் தங்கசாலை முழுவதும் ஒரு காலத்தில் புதினாத் தோட்டமாக இருந்திருக்க வேண்டும் என்று நானாகவே ஒரு தலபுராணம் எழுதிக்கொண்டேன். கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே நாணயம் அடித்த கதையை அப்பா சொன்ன பிறகுதான் அந்தத் தோட்டம் வாடியது.

இரண்டு மின்ட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாணயச்சாலையைக் குறிப்பது 'மொனேட்டா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. புதினாவைக் குறிப்பது 'மென்த்தா'விலிருந்து வந்தது. வாய்க்கு வாய் தேய்ந்து இரண்டும் ஒரே ஒலியில் வந்து நின்றுவிட்டன. ஆனாலும், "மின்ட்டில் இறங்கி நடந்தேன்" என்றால் யாருக்கும் புதினாக் கட்டு நினைவுக்கு வருவதில்லை.

ஒரு சொல் பல பொருள் தந்தால் வினை, இனம், சார்பு என்ற மூன்றைக் கொண்டு தெளியலாம் என்கிறது தொல்காப்பியம். உரைகாரர்கள் அதற்கு 'மா' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மா பூத்தது என்றால் மரம், வினை காட்டிக்கொடுத்துவிட்டது. மாவும் மருதும் ஓங்கின என்றாலும் மரம்தான். பக்கத்தில் நிற்கும் மருது சாட்சி. கவசம் அணிந்து நிற்பவன் மா கொண்டுவரச் சொன்னால் குதிரை. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: அங்கே துப்பு வாக்கியத்தில் இல்லை, ஆளின் உடுப்பில் இருக்கிறது. மின்ட்டுக்கும் இதே கணக்குதான். காசிமேட்டில் ழகரம் வராத நாக்கு 'வாளை' என்றாலும், ஏலக்கூடையின் முன் நிற்பவருக்கு அது மீன். பூக்கடை வாசலில் நிற்பவருக்கு அது இலை.

சூழல் உதவுகிறது, சரி. எப்போது உதவுகிறது? வேண்டாத பொருளை வாசலிலேயே தடுத்துவிடுகிறதா, அல்லது எல்லாவற்றையும் உள்ளே விட்டுப் பிறகு வெளியேற்றுகிறதா? 1979இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் இதைச் சோதித்து வெளியிட்டார். ஆங்கிலத்தில் 'பக்' என்பது பூச்சி. ஒட்டுக்கேட்கும் கருவியும் அதுவே. சிலந்தி, கரப்பான் என்று அடுக்கிவிட்டு 'பக்' என்று சொல்லி மேலே தொடரும் ஒரு வாக்கியத்தை அவர் காதொலிக் கருவியில் கேட்கவைத்தார். அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில் திரையில் ஓர் எழுத்துவரிசை தோன்றும். அது உண்மையான சொல்லா, வெற்று எழுத்துகளா என்று கேட்பவர் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். சிலந்தியும் கரப்பானும் சுற்றி நிற்கும்போது 'எறும்பு' என்ற சொல்லைச் சட்டென்று அறிவது வியப்பில்லை. 'ஒற்றன்' என்ற சொல்லையும் அதே போல் விரைவாக அறிந்தார்கள்! ஆனால் மூன்று அசை கழித்துத் திரையில் காட்டியபோது எறும்புக்கு மட்டுமே அந்தச் சலுகை கிடைத்தது. ஒற்றனை அறிய, சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லை அறியும் அதே நேரம் பிடித்தது. அதாவது, மூளை முதலில் எல்லாக் கதவுகளையும் திறக்கிறது. சூழல் வந்து வேண்டாதவற்றைச் சாத்துகிறது. நமக்குத் தெரிவது சாத்திய பிறகு மிஞ்சிய ஒரு கதவு மட்டும்.

குரலின் ஏற்ற இறக்கமும் பொருளைப் பிரிக்கும் என்பார்கள். கொஞ்சம் மிகையான பேச்சு. மின்ட்டை எந்த ராகத்தில் இழுத்தாலும் புதினா நாணயமாகாது. குரல் கைகொடுப்பது வேறோர் இடத்தில். துறைமுகத்தில் நாளெல்லாம் புழங்கும் இம்போர்ட், எக்ஸ்போர்ட், பர்மிட் ஆகிய மூன்றும் முதல் அசையில் அழுத்தினால் பெயர்ச்சொல், இரண்டாவதில் அழுத்தினால் வினைச்சொல். அழுத்தம் என்றால் சத்தம் என்று நினைக்க வேண்டாம். டென்னிஸ் ஃப்ரை என்ற பிரிட்டிஷ் ஒலியியலாளர், செயற்கைக் குரலில் பர்மிட் உள்ளிட்ட சொற்களின் அசை நீளத்தையும் சத்தத்தையும் தனித்தனியே மாற்றிக் கேட்கவைத்தார். காது சத்தத்தைவிட நீளத்தையே அதிகம் நம்பியது என்று 1955இல் எழுதினார். குரலின் ஏற்றமும் பெரிய துப்பு என்பதை 1958இல் சேர்த்துக்கொண்டார்.

தமிழ்க் காதுக்கு இங்கேதான் இடறல். நமக்கு நீளம் என்றால் குறிலும் நெடிலும்: படம் வேறு, பாடம் வேறு. அசையழுத்தம் நம் மொழியில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்குவதில்லை. அதனால் லாரி பர்மிட்டையும், அனுமதிப்பதைச் சொல்லும் பர்மிட்டையும் ஒரே மாதிரி உச்சரிக்கிறோம். கேட்பவர் வாக்கியத்தைக் கொண்டு சமாளித்துக்கொள்கிறார். ஆனால் 'ரைட்' என்ற சொல்லைப் பாருங்கள். குரல் மேலே போனால் சரிதானா என்ற கேள்வி, கீழே இறங்கினால் பேச்சு முடிந்தது, கண்டக்டர் சொன்னால் வண்டி கிளம்பிவிடும். வாக்கியத்தின் தொனி நமக்கு அத்துப்படி. சொல்லுக்குள் இருக்கும் அழுத்தம்தான் பிடிபடுவதில்லை.

சூழலுக்கும் ஓர் எல்லை உண்டு. அது தெரிந்த பொருள்களிலிருந்துதான் தேர்ந்தெடுக்கும். இல்லாத கதவைத் திறக்காது. சரக்கு கிளியரிங் அலுவலகம் ஒன்றில் நான் சேர்ந்த புதிதில், ஒரு வெளிநாட்டுக் கப்பல் அதிகாரி போனில் பெட்டி 'கீ'யில் இருப்பதாகச் சொன்னார். கப்பலை அணைத்து நிறுத்தும் கரைமேடைக்கு ஆங்கிலத்தில் கீ என்றுதான் உச்சரிப்பு. எழுத்து மட்டும் வேறு. காகிதத்தில் தினமும் பார்த்த 'வெஸ்ட் க்வே'யும் அவர் சொன்னதும் ஒன்று என்று எனக்கு எப்படித் தெரியும்? அலுவலகத்தில் எல்லோருக்கும் அது க்வேதான். போதாக்குறைக்குப் பெட்டி என்ற சொல் வேறு பக்கத்தில் நின்று, சாவிக்குச் சாட்சி சொன்னது. மேலாளரிடம் போய்ச் சாவி கேட்டேன். அவர் பேச்சை நிறுத்தாமலே பீரோ சாவியை எடுத்து நீட்டினார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு துறைமுக வாசல் வரை போய்விட்டேன்.