பழைய கல்குலேட்டருக்குக் கோசைன் எப்படித் தெரியும்?

மலையகத்தில் சமதரை என்று பார்த்தால் விளையாட்டு மைதானங்கள்தான். அவற்றிலும் பாதி மண் வெட்டி நிரப்பியவை. தேயிலை மலையில் நிலம் அளக்கும் 66 அடிச் சங்கிலியை இழுத்துப் பிடித்தால் கிடைப்பது சரிவின் நீளம். வரைபடத்துக்கு வேண்டியதோ கிடைத்தூரம். 30 பாகைச் சரிவாக இருந்தால் அந்த 66 அடி வரைபடத்தில் 57.2 அடிதான்; ஒரு சங்கிலிக்கே கிட்டத்தட்ட ஒன்பது அடி குறைந்துவிடும். அளந்த ஒவ்வொரு நீளத்தையும் சரிவுக் கோணத்தின் கோசைனால் (கிடைத்தூரத்தைச் சரிவின் நீளத்தால் வகுத்தால் வரும் விகிதம்) பெருக்கியாக வேண்டும், நாள் முழுக்க.

தியத்தலாவையில் நில அளவை பயின்ற பழைய ஆட்களும், எழுபது எண்பதுகளில் பேராதனைப் பொறியியல் பீடத்தில் படித்தவர்களும் கல்குலேட்டரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் லேசில் நிறுத்தமாட்டார்கள். அதற்கு இந்தக் கோசைனும் ஒரு காரணம். அதுவரை மடக்கை அட்டவணையில் விரலை வைத்து வரிவரியாகத் தேடியவர்கள் அவர்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இறக்குமதிப் பொருள் எதுவுமே அருமைதான். அப்புறம் கடைகளில் கேசியோ வந்தது. விக்டோரியா, கொத்மலை அணைகள் எழுந்த காலத்தில் அது எஞ்சினியரின் சட்டைப்பைக்குள்ளும் போனது. இன்றைக்கும் லாச்சியைத் திறந்து, "இது இன்னும் வேலை செய்யுது, பாருங்க" என்று எடுத்துக் காட்டுவார்கள்.

கையில் இருக்கும் போன் அதே வேலையைச் சும்மாவே செய்கிறதே, பிறகு ஏன் இந்தப் பாசம்? பொத்தான் ஒரு காரணம். அக்காலத்து எச்.பி. (ஹியூலெட்-பக்கார்ட் என்ற அமெரிக்க நிறுவனம்) கருவிகளில் பொத்தானின் எழுத்து மேலே அச்சடித்ததல்ல. இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்தது. எத்தனை வருடம் அமுக்கினாலும் எழுத்து அழியாது. அமுக்கும்போது 'டக்' என்று விரலுக்கே பதில் வரும். ஆனால் என்னைக் கேட்டால் பெரிய காரணம் வேறு. அந்தப் பெட்டி யோசிக்கும் விதம் முழுவதையும் ஒரு மனிதன் தன் தலைக்குள் வைத்துக்கொள்ளலாம். இன்றைய போனைப் பற்றி அதைச் செய்தவர்களே அப்படிச் சொல்ல முடியாது.

எச்.பி.-35 என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். 1972இல் 395 டொலருக்கு வந்தது. சைன், கோசைன், மடக்கை எல்லாம் போடும் முதல் கையடக்கக் கல்குலேட்டர் அதுதான். பொத்தான்கள் 35, பெயரும் அதனால்தான். சட்டைப்பையில் அடங்க வேண்டும் என்பது நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் ஹியூலெட்டின் நிபந்தனை. உள்ளே இருந்த கட்டளைகள் எல்லாம் சேர்த்து 768. விநாடிக்கு ஏறத்தாழ 3,500 கட்டளைகளை நிறைவேற்றும். அந்தச் சிப்புக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், இலக்கங்களை இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்தத் தெரியும். அவ்வளவுதான்; பெருக்கலைக்கூட அது திரும்பத் திரும்பக் கூட்டித்தான் செய்தது.

அப்படியானால் கோசைன் எங்கிருந்து வருகிறது? உள்ளே அட்டவணை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பத்து இலக்கத் துல்லியத்தில் அட்டவணை வைக்க அங்கே இடமேது? பாடப்புத்தகத்தில் வரும் தொடர் சூத்திரமும் சரிவராது. பெருக்கலும் வகுத்தலும் நிறைய என்பதால் ஆமை வேகத்தில்தான் நகரும்.

அது கையாண்ட வழிக்குப் பெயர் கோர்டிக். அமெரிக்காவின் கான்வேர் நிறுவனத்தில் ஜாக் வோல்டர், பி-58 போர்விமானத்தின் வழிகாட்டும் கருவிக்காக யோசித்து, 1959இல் வெளியிட்டார். கடைக்காரர் மீதிக்காசு கொடுக்கும்போது பெரிய நோட்டில் தொடங்கிச் சில்லறையில் முடிப்பாரே, அதேபோல் கோணத்தையும் உடைப்பதுதான் சங்கதி. எச்.பி. கையாண்ட நோட்டுகள் இவை: 45 பாகை, 5.7106 பாகை, 0.5729 பாகை, 0.0573 பாகை. இவற்றின் தான்சன்கள் (உயரத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்தால் வரும் விகிதம்) முறையே 1, 0.1, 0.01, 0.001. அந்தக் கோணங்களைத் தேர்ந்தெடுத்ததன் சூட்சுமமே இதுதான். பத்தால் வகுப்பதென்றால் புள்ளியை ஓர் இடம் நகர்த்தினால் போதும்.

30 பாகையைப் பென்சிலால் போட்டுப் பார்ப்போம். 30க்குள் 45 போகாது. 5.7106 ஐந்து தடவை போகும், மீதி 1.447. அதில் 0.5729 இரண்டு தடவை, மீதி 0.301. அதில் 0.0573 ஐந்து தடவை. ஆக 0, 5, 2, 5. மீதியாக நிற்பது 0.015 பாகைக்கும் கொஞ்சம் குறைவு.

இனி, தரையோடு படுத்திருக்கும் ஒரு கோட்டைக் கற்பனை செய்யுங்கள். கிடை 1, உயரம் 0. அதை 5.7106 பாகை திருப்ப விதி ஒன்றுதான்: கிடையிலிருந்து உயரத்தின் பத்திலொன்றைக் கழி, உயரத்தோடு பழைய கிடையின் பத்திலொன்றைக் கூட்டு. முதல் தடவை கிடை 1, உயரம் 0.1. இரண்டாம் தடவை 0.99, 0.2. மூன்றாம் தடவை 0.97, 0.299. ஐந்தாவதில் 0.9005, 0.49001. அடுத்து நூறிலொன்றாக இரண்டு தடவை, ஆயிரத்திலொன்றாக ஐந்து தடவை. கடைசியில் கிடை 0.88806, உயரம் 0.51242. உயரத்தைக் கிடையால் வகுத்தால் 0.5770. 30 பாகையின் உண்மையான தான்சன் 0.57735. பன்னிரண்டு திருப்பத்தில் இவ்வளவு நெருங்கிவிட்டோம், அதற்குள் ஒரு பெருக்கல்கூட வரவில்லை. இன்னும் சின்னச் சில்லறைகளை இறக்கினால் அடுத்தடுத்த இலக்கங்களும் சரியாகிக்கொண்டே போகும்.

ஒவ்வொரு திருப்பத்திலும் கோடு கொஞ்சம் நீண்டுவிடுகிறது என்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். நீளட்டும்! நமக்கு வேண்டியது இரண்டின் விகிதம். கோடு எவ்வளவு நீண்டாலும் விகிதத்துக்கு ஒன்றும் ஆகாது. தான்சன் கையில் இருந்தால் அதன் வர்க்கத்தோடு 1ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 1ஐ அதனால் வகுத்தால் கோசைன். வர்க்கமூலமும் கழித்தல் வேலைதான்: 1, 3, 5, 7 என்று ஒற்றை எண்களாகக் கழித்துக்கொண்டே போவது. ஒன்றில் தொடங்கும் ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் ஒரு வர்க்கம் அல்லவா? மடக்கைக்கும் இதே மாதிரி ஒரு தந்திரம் உண்டு. அங்கே எண்ணை 2, 1.1, 1.01 என்ற காரணிகளாக உடைப்பார்கள். 1624இல் மடக்கை அட்டவணை வெளியிட்ட ஹென்றி பிரிக்ஸ் காலத்திலிருந்தே வரும் யோசனை அது.

இவ்வளவு சிக்கனத்தில் பிழை வராதா? வந்தது. எச்.பி.-35இன் ஆரம்பக் கருவிகளில் 2.02க்கு இயற்கை மடக்கை எடுத்து, உடனே அதன் எதிர்ச்சார்பைப் போட்டால் 2.02 திரும்பி வர வேண்டும். வந்தது வெறும் 2. நிறுவனம் திருத்திய கருவியை மாற்றிக் கொடுத்தது. மாற்றாமல் வைத்திருந்தவர்களுக்கு இன்று யோகம். சேகரிப்பவர்கள் அந்தப் பிழையுள்ள கருவியைத்தான் தேடுகிறார்கள்.

அதில் சமன் குறியும் கிடையாது. நம் சங்கிலிக் கணக்கை 66, என்டர், 30, கோசைன், பெருக்கல் என்ற வரிசையில் அமுக்க வேண்டும். முதலில் எண்கள், பிறகு செயல். அடைப்புக்குறியே வேண்டாம். பழகியவர்கள் வேறு கருவியைத் தொடமாட்டார்கள். பழகாதவர்கள் இரவல் வாங்கினால் ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். (இரவல் கேட்பவர்களைத் தடுக்க இதைவிட நல்ல பூட்டு கிடையாது.)

சிக்கனத்தில் இன்னொரு படி கீழே போனது 1974இல் வந்த பிரிட்டன் தயாரிப்பான சின்கிளேர் சயன்டிஃபிக். சாதாரணக் கூட்டல் கழித்தல் கல்குலேட்டருக்கென்று செய்த சிப்பில், 320 கட்டளைகளுக்குள் எல்லாவற்றையும் திணித்தார்கள். பை (π) என்ற எண்ணையும், ஒரு ரேடியனுக்கு எத்தனை பாகை என்ற 57.2958ஐயும் நினைவில் வைக்க இடமில்லை; பெட்டியின் முகத்திலேயே அச்சடித்து விட்டார்கள். பாகையை ரேடியனாக (கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு) மாற்றுவது உங்கள் பாடு. மூன்று இலக்கத்துக்கு மேல் விடையை நம்ப முடியாது. சில கணக்குகளுக்குப் பதினைந்து விநாடிவரை காத்திருக்க வேண்டும். எனக்கு எச்.பி.யைவிட இதன் மேல்தான் பிரியம் அதிகம்.

நுவரெலியா, ஹட்டன் பக்கம் இப்படியொன்றை லாச்சியில் போட்டு வைத்திருப்பவர்கள் முதலில் பற்றரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வருடத்தில் பாதி நாள் பனிமூட்டமும் ஈரமும் இருக்கும் ஊரில் தகடுகள் சும்மா இருக்காது. அல்கலைன் பற்றரி கசிந்து வெள்ளையாகப் படிந்திருந்தால் அது காரம். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ தொட்டுத் துடைத்தால் கரையும். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். பாவிக்காத நேரத்தில் பற்றரியைக் கழற்றி வைத்துவிடுவது இதைவிடச் சுலபம்.

உயிர் வந்ததும் ஒரு சோதனை செய்யலாம். பாகையில் வைத்து 9க்குச் சைன், அந்த விடைக்குக் கோசைன், அதற்குத் தான்சன் என்று வரிசையாக எடுங்கள். பிறகு அதே வழியில் திரும்பி வாருங்கள்: நேர்மாறுத் தான்சன், நேர்மாறுக் கோசைன், நேர்மாறுச் சைன். சரியாக 9 வர வேண்டும், ஆனால் பழைய கருவிகளில் வராது. காரணம் நடுவில் இருக்கிறது. 9 பாகையின் சைன் 0.1564, அதைப் பாகையாக எடுத்துக் கோசைன் போட்டால் 0.9999962727. பத்து இலக்கத்தில் முதல் ஐந்தும் வெறும் ஒன்பது. நம் எண்ணைப் பற்றிய தகவல் மிச்சமிருக்கும் ஐந்து இலக்கத்துக்குள் நெருக்கியடித்து நிற்கிறது, மற்றதெல்லாம் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. திரும்பி வரும்போது அந்த வெட்டுக்காயம் பெரிதாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. எச்.பி.-41 காட்டும் விடை 9.000417403. திரைக்குப் பின்னால் அதிக இலக்கம் வைத்திருக்கும் புதிய கருவிகள் 9க்கு மிகக் கிட்ட வந்து நிற்கும். எத்தனை இலக்கம் வைக்கிறது, எந்த இடத்தில் வெட்டுகிறது என்பது சிப்புக்குச் சிப்பு வேறு. அதனால் வேறு வேறு பெயர் போட்ட இரண்டு பெட்டிகள் இந்தச் சோதனையில் கடைசி இலக்கம்வரை ஒரே பிழையைக் காட்டினால், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே குடும்பத்துச் சிப்தான்.