கை தேடும் இடத்தில் பொத்தான் இல்லையென்றால்

கடலுக்குப் போகும் முன் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் கைப்பேசியில் பார்த்துக்கொள்வது தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இன்று சாதாரணம். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது. அதைப் பார்க்க உலாவியைத் திறந்தால், நேற்றுவரை மேலே இருந்த முகவரிப் பட்டை அப்டேட்டுக்குப் பின் கீழே இறங்கியிருக்கிறது. எரிச்சல் வராதா?

2021இல் ஐபோனின் சஃபாரி உலாவியில் இதுதான் நடந்தது. சோதனைப் பதிப்பிலேயே எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பரில் வெளியான பதிப்பில், பட்டையை மேலேயே வைத்துக்கொள்ளும் வசதியையும் ஆப்பிள் கொடுத்தது. இத்தனைக்கும் அந்த மாற்றத்தில் நியாயம் இருந்தது. இலக்கு அருகிலும் பெரிதாகவும் இருந்தால் கை அதை விரைவில் எட்டும் என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இலேயே சோதனைகளில் காட்டினார். ஒரே கையால் கைப்பேசியைப் பிடித்திருப்பவரின் கட்டைவிரலுக்குத் திரையின் அடிப்பகுதிதான் பக்கம்.

பிறகு ஏன் கோபம்? கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்ப்பவர் ஊசியைப் பார்ப்பதே இல்லை. பேச்சு ஒரு பக்கம், முடிச்சு ஒரு பக்கம். திரும்பத் திரும்பச் செய்த வேலையை மூளை செயல்முறை நினைவாக மாற்றிவிடுகிறது. கவனம் அதிலிருந்து விடுபடுகிறது. பட்டையோ பொத்தானோ இடம் மாறினால், விரல் பழைய இடத்துக்குத்தான் முதலில் போகும். அதைத் தடுத்து, புதிய இடத்தைக் கண்ணால் தேடி, பிறகு தொட வேண்டும். ஆழமாகப் பதிந்த பழக்கம் புதிதாகக் கற்பதை மறித்து நிற்பதை உளவியலில் குறுக்கீடு என்கிறார்கள்.

ஆகவே அதிகம் தடுமாறுபவர் தேர்ந்தவர்தான். இ-சேவை மையத்தில் நாள் முழுவதும் விண்ணப்பங்களை நிரப்புபவரின் வேகம் உடனே சரிகிறது. எப்போதாவது உலாவியைத் திறப்பவரின் இழப்பு வேறு வகை. மகள் சொல்லிக்கொடுத்த ஒரே வழியை மனப்பாடம் செய்திருப்பார். அதில் ஒரு படி மாறினாலும் அவருக்கு மாற்றுவழி தெரியாது. இவரைப் பற்றித்தான் வடிவமைப்பாளர்கள் மிகக் குறைவாக யோசிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பயிற்சியின் பலன் தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் கூடும். எனவே பலருக்கு எரிச்சல் சில நாட்களில் தணிந்துவிடும். அது தணிந்ததை வைத்து, மக்கள் மாற்றத்தை விரும்பினார்கள் என்று கணக்கிடுவது தவறு. 2014இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி தன் தோற்றத்தை மாற்றியபோது, பழைய தோற்றத்தை மீட்டுத்தரும் நீட்சி (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) ஒன்றைப் பலர் நிறுவிக்கொண்டார்கள். 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டதும் அந்த வழியும் அடைபட்டது.

கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவர்கள் கருவிப்பட்டையில் வலது கிளிக் செய்து, பொத்தான்களைத் தங்கள் கை பழகிய இடத்துக்கு இழுத்து வைத்துக்கொள்ளலாம்.