உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பல்

போன வாரம் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தச்சர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் எட்டாம் வகுப்பு. நாற்காலியில் சாய்ந்ததும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். "காட்டுடா, டாக்டரம்மா பார்க்கட்டும்" என்று அப்பா அதட்டிய பிறகுதான் வாய் திறந்தது. மேல் முன்பற்கள் நான்கிலும் பழுப்புப் பட்டை. அது எனக்குப் புதிதில்லை. ஆனால் பல்லின் முகப்பெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகப் பொடிக் கீறல்கள். ஈறின் ஓரம் தோலுரிந்து ரணமாகிக் கிடந்தது. காற்றுக் குழலை லேசாக அழுத்தினேன். காற்றுப் பட்ட நொடியில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளிவிட்டான்.

எதை வைத்துத் தேய்த்தான் என்பதை, அப்பாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் சொன்னான். முதலில் செங்கல் தூள். அப்புறம் சாம்பலும் உப்பும். எதற்கும் போகவில்லை என்றதும் அப்பாவின் பட்டறையிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாள். பள்ளியில் பிரேயர் நேரத்தில் சுத்தத்தைப் பற்றிப் பேசிய ஆசிரியர் ஒருவர் இவனை முன்னால் நிற்கவைத்து, "பல் தேய்க்காம வந்தா இப்படித்தான் இருக்கும்" என்று எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். அன்று சாயங்காலம் ஆரம்பித்த வேலை இது.

செங்கல் தூளை நிறையப் பார்த்திருக்கிறேன். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் கலந்து தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்று, கழிப்பறை கழுவும் ஆசிட்டைப் பஞ்சில் தொட்டுப் பல்லில் வைத்துக்கொண்ட பெண்ணையும் பார்த்திருக்கிறேன். இந்தப் பையனைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தயவுசெய்து இதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளின் முன்பல்லில் பார்க்கும் அந்தப் பழுப்புப் பட்டை பெரும்பாலும் அழுக்கு இல்லை. அது பல் தேய்க்காததால் வந்ததும் இல்லை, தேய்த்தால் போவதும் இல்லை. பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில் குழந்தை குடித்த தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்ததால் பல்லின் மேல் ஓடான எனாமலே குறையோடு உருவாகிவிட்டது. ஃபுளோரோசிஸ் என்று பெயர். பல் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதற்கு வருடக் கணக்கில் முன்பே முடிந்துபோன காரியம். அப்போது அந்தக் குழந்தையிடம் பிரஷ்ஷே கிடையாது.

ஏன் எல்லோரும் இதைத் தேய்க்காத குற்றமாகவே பார்க்கிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. இந்தப் பல் முளைக்கும்போது பழுப்பாக இருப்பதில்லை. சுண்ணாம்பு பூசியது போல ஒளியில்லாத வெள்ளையாக வரும். எனாமலில் நுண்ணிய துளைகள் இருப்பதால், வெளியே வந்த பிறகு சாப்பாட்டிலும் டீயிலும் உள்ள நிறம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிப் பழுப்பாகும். "ஆறு வயசுல வெள்ளையாத்தாங்க முளைச்சுது, இவன் சரியா தேய்க்காம கெடுத்துட்டான்" என்று அம்மாக்கள் சொல்வது இதனால்தான். அவர்கள் கண்ணால் பார்த்தது உண்மை, அதற்குச் சொல்லும் காரணம் தவறு.

அழுக்கையும் இதையும் பிரித்துப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. வெற்றிலை, பீடி, ஹான்ஸ் கறையெல்லாம் பல்லின் மேலே படியும். ஈறு ஓரத்திலும் இரண்டு பல்லுக்கு நடுவிலும் அதிகமாக இருக்கும். நாங்கள் ஸ்கேலிங், அதாவது கருவி வைத்துச் சுரண்டிச் சுத்தம் செய்தால் வந்துவிடும். ஃபுளோரோசிஸ் பட்டை பல்லின் நடு முகப்பில் குறுக்காக ஓடும். இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே இருக்கும், ஏனென்றால் இரண்டு பக்கத்துப் பல்லும் ஒரே காலத்தில் உருவானவை. அழுக்கு இப்படி ஜோடி பார்த்துப் படியாது.

அந்த அப்பாவை உள்ளே கூப்பிட்டு இதையே அவருடைய தொழிலில் வைத்துக் கேட்டேன். தேக்குப் பலகையில் ஓடும் வரியை உப்புத்தாள் போட்டு எடுத்துவிட முடியுமா? "எப்படிங்க மேடம் போகும், தேய்க்கத் தேய்க்க இன்னும் பளிச்சுனுல்ல தெரியும்" என்றார். சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார். அதன் பிறகு அவர் அவனை அதட்டவில்லை.

எனாமல் நகம் போல வளராது. அதை உருவாக்கும் செல்கள் பல் வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. தேய்த்துப் போனது போனதுதான். செங்கல் தூளும் எலுமிச்சையும் பட்டையைத் தொடாது, எனாமலை மெலிதாக்கிக் கூச்சத்தைக் கொண்டுவரும். பச்சைத் தண்ணீர் குடிக்க முடியாமல் இருபது வயதில் வந்து நிற்பார்கள்.

இனி, சிகிச்சை முடிந்து எழுந்து செருப்பைத் தேடும்போது "சும்மா ஒரு சந்தேகம் மேடம்" என்று கேட்பார்களே, அந்தச் சந்தேகங்களுக்கு வருகிறேன். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கிறார்கள். உண்மையில் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான்.

பால் பல் மட்டும் எப்படி வெள்ளையாக இருந்தது? பால் பற்களின் எனாமல் தாயின் வயிற்றிலேயே தொடங்கி முதல் வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். தாய் ஃபுளோரைடு தண்ணீர் குடித்தாலும் தாய்ப்பாலில் அது மிகச் சொற்பமாகத்தான் வரும். அதனால் பெரும்பாலும் பால் பல் தப்பிவிடுகிறது. போர் தண்ணீரில் பவுடர் பால் கலக்கும் வீட்டில் மட்டும் கதை வேறு. தாய்ப்பால் கொடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே வீட்டில் அக்காவுக்குப் பட்டை, தம்பிக்கு இல்லை, ஏன்? முதலில் நான் கேட்பது, அக்கா பிறந்து எட்டு வயது வரை எங்கே வளர்ந்தாள் என்பதுதான். நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகும் காலம் அது. அம்மாயி வீட்டில் வளர்ந்திருப்பாள், அங்கே போர் தண்ணீர். அல்லது தம்பி பிறக்கும் நேரத்தில் வீட்டுக்குக் குழாயில் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் வந்திருக்கும். சின்ன வயதில் வெளியூரில் வளர்ந்து பத்து வயதுக்கு மேல் இங்கே வந்தவர்களுக்கு முன்பல்லில் இந்தப் பட்டை வருவதில்லை.

ஃபுளோரைடால் வந்தது என்கிறீர்கள், பிறகு ஏன் ஃபுளோரைடு பேஸ்ட்? இந்தப் பையனின் கூச்சத்துக்கு நான் தடவியதே ஃபுளோரைடு வார்னிஷ்தான். அப்பா திகைத்துப்போனார். உருவாகி முடிந்த பல்லுக்கு மேலே தடவும் ஃபுளோரைடால் பட்டை வராது; அது எனாமலை இறுக்கி, சொத்தையைத் தடுக்கும். கேடு செய்வது, பல் உருவாகும் வயதில் அளவு மீறி விழுங்குவது. அதனால் 3 வயதுக்குள் அரிசி மணி அளவு பேஸ்ட், 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு, பக்கத்தில் நின்று துப்ப வையுங்கள். டிவி விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் முழுக்கப் பிதுக்காதீர்கள்.

புளி நல்லதாமே? ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களுக்கு உணவோடு புளி கொடுத்துப் பார்த்ததில், சிறுநீரில் வெளியேறும் ஃபுளோரைடு கூடியது. சாப்பாட்டில் சேர்ப்பது சரி, சேருங்கள். புளியைப் பல்லில் தேய்ப்பது எலுமிச்சை தேய்ப்பது போலத்தான், வேண்டாம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் ஆற்றாமையாக இருப்பது இங்கேதான். "எங்க போர் தண்ணி நல்ல தண்ணிங்க மேடம், பருப்பு பூவா வேகுது, சோப்பு நல்லா நுரைக்குது" என்பார்கள். ஃபுளோரைடுக்கு ருசி இல்லை, வாசனை இல்லை, நிறம் இல்லை. சுண்ணாம்புச் சத்து குறைவாக உள்ள தண்ணீரில்தான் பருப்பு நன்றாக வேகும், சோப்பு நுரைக்கும். ஃபுளோரைடு அதிகமாகக் கரைந்து நிற்பதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட தண்ணீரில்தான், ஏனென்றால் சுண்ணாம்பு இருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து படிந்துவிடும். ஆகவே நாக்கையும் பருப்பையும் வைத்துத் தண்ணீருக்கு நற்சான்று கொடுக்காதீர்கள். அளவு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. ஆயிரம் லிட்டர் தொட்டி நிறையத் தண்ணீரில் ஒரு கிராம், அவ்வளவுதான் அனுமதி. இதையா நாக்கு கண்டுபிடிக்கும்?

நம் மண்ணுக்கடியில் இருப்பது கருங்கல் பாறை. அதில் உள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கரைகிறது. பாறை இடுக்கில் எவ்வளவு காலம் தண்ணீர் கிடக்கிறதோ அவ்வளவு கரையும். 800 அடி, 1000 அடி என்று போர் போட்டுக் குடிக்கிறோம்.

இது நம் ஊர் சாபமும் இல்லை. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901-ல் வந்த பல் மருத்துவர் மெக்கே, அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பல்லில் இதே பழுப்பைப் பார்த்தார். பன்றிக்கறி அதிகம் தின்பதால், மட்டமான பாலைக் குடிப்பதால் என்றெல்லாம் ஊரார் காரணம் சொன்னார்கள். தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் என்று 1931-ல்தான் தெரிந்தது. நம் பக்கம், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் 1937-லேயே இந்த நோயை மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். நம் ஊரும் அப்போது அதே மாகாணத்தில் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு பையன் பிரேயரில் அவமானப்பட்டு நிற்கிறான் என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்று இருக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, இரண்டு மாவட்டத்துக்கும் காவிரியைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். 2013-ல் தொடங்கிவைத்தார்கள். ஆனால் வீடுகளில் என்ன நடக்கிறது? அந்தத் தண்ணீரில் வண்டி கழுவிவிட்டு, "போர் தண்ணிதான் ருசி" என்று அதைக் குடிக்கிறார்கள். மனசு தாங்கவில்லை. ஒகேனக்கல் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாலும் பிடித்து மூடி வைத்து, குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள். சமையல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சோறும் களியும் குழம்பும் உலையில் ஊற்றிய தண்ணீரோடுதான் வயிற்றுக்குள் போகிறது. குளிக்க, துணி துவைக்க, மாட்டுத் தொட்டி கழுவ போர் தண்ணீர் போதும். மாட்டுக்குக் குடிக்கவும் முடிந்தால் வேறு தண்ணீர் கொடுங்கள், அதற்கும் இதே நோய் வரும்.

காய்ச்சினால் போகாது. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் குறையும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும், அதாவது அடர்த்தி கூடும். கேண்டில் ஃபில்டர், யூ.வி. விளக்கு, செம்புக் குடம் எதுவும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. குறைக்கும், அதிலுள்ள வடிகட்டும் சவ்வான மெம்பரேனைக் காலத்தில் மாற்றினால். படிகாரத்தைக் குத்துமதிப்பாகப் போட்டுக் கலக்காதீர்கள். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து எடுக்கும் முறை ஒன்று உண்டு, ஆனால் தண்ணீரைச் சோதித்து அளவு போட வேண்டும்.

சோதனைக்குப் பெரிய அலைச்சல் இல்லை. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் அலசிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் கொடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு அளவு மாறிக் காட்டலாம்.

கேழ்வரகை விடாதீர்கள். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பிள்ளைகளுக்குக் களி கொடுக்க வெட்கப்பட்டு, பிஸ்கட்டும் டீயும் கொடுக்கிறோம். டீத்தூளிலேயே ஃபுளோரைடு உண்டு. சின்னக் குழந்தைக்கு டீ எதற்கு? வீட்டில் பெரியவர்கள் யாராவது கழுத்தைக் குனிந்து தாடையால் நெஞ்சைத் தொட முடியவில்லை, முதுகு விறைத்துப்போகிறது என்றால் வயசு என்று விட்டுவிடாமல் எலும்பு மருத்துவரிடம் தண்ணீர் விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எலும்பையும் இது பிடிக்கும்.

வந்துவிட்ட பட்டைக்கு வழி இருக்கிறது. லேசானது என்றால் மேல்படலத்தை மிக மெல்லியதாக எடுத்து நிறத்தைக் குறைக்கலாம். ஆழமானது என்றால் பல் நிறப் பூச்சு, வயது வந்த பிறகு வெனீர் என்னும், பல் முகப்பில் ஒட்டும் மெல்லிய ஓடு. எது யாருக்கு என்பது பல்லைப் பார்த்துத்தான். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பட்டைப் பல்லோடு ஒரு குழந்தையைப் பார்த்தால் தயவுசெய்து தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். சத்துணவு எந்தத் தண்ணீரில் வேகிறது என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பையனுக்கு ஈறு ஆறட்டும், ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன். வாசல் வரை போன அப்பா திரும்பி வந்தார். "சும்மா ஒரு சந்தேகம் மேடம். சின்னதுக்கு இப்பத்தான் மூணு வயசு. அதுக்கும் இப்படி வந்துருமா?"

எந்தத் தண்ணீர் குடிக்கிறாள் என்று கேட்டேன். போர் தண்ணீர். ஒகேனக்கல் பைப் தெருமுனையில் இருக்கிறதாம், தூரம் என்று பிடிப்பதில்லை. அவளுடைய முன்பற்கள் ஈறுக்குள் இப்போது உருவாகிக்கொண்டிருக்கின்றன, இன்றைக்கே மாற்றினால் நிறையத் தடுக்கலாம் என்றேன். தலையாட்டினார். பிறகு மகனிடம் திரும்பி, "நாளையிலருந்து நீயும் நானும் ஆளுக்கொரு குடம்" என்றார். பையன் வாயை மூடாமல் சிரித்தான்.